நாலு கட்டைக்குக் கொஞ்சம் கீழே

ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை விடவில்லை. பிள்ளையார்பாளையத்தில் பாதி வீடுகளில் தறிக்குழிக்குள் ஈரம் ஊறியிருந்தது. யேசுதாஸ் கால் வைக்கும் இடத்தில் கோணிச் சாக்கை நாலாக மடித்துப் போட்டிருந்தான். மிதியை அழுத்தும்போதெல்லாம் சாக்கு சளக்கென்றது. அவனுக்கு வலது பக்கம், குழிக்கு மேலே போட்ட பலகையில், பத்தொன்பது வருஷமாக உட்காரும் அதே இடத்தில் அவன் மனைவி அம்சவேணி உட்கார்ந்திருந்தாள்.

தறியில் மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. உடலுக்கு நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு, கரைக்கு வேறொரு பாவு. தனித்தனியாக ஏற்றிய இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே போக வேண்டும். கோர்வைச் சேலையை ஒரு ஆள் நெய்ய முடியாது. அவன் உடல் நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே வீசுவான், அவள் கரை நாடாவை வீசுவாள். இரண்டு நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதும் அவன் அச்சை இழுத்து அடித்து இறுக்குவான். யார் எப்போது வீசுவது என்று பேசிக்கொள்வதில்லை. அவள் வாய்க்குள் சர்ச்சில் பாடும் பாட்டு ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். அதை வைத்து அவன் கை போகும்.

எட்டு மாதமாகப் பாட்டு இல்லை. முதலில் தொண்டைக் கட்டு என்றார்கள். மிளகு, சித்தரத்தை, பனங்கற்கண்டு எல்லாம் ஆயிற்று. புரட்டாசியில் ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், புற்று, குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும் என்றார். கழுத்தில் ஒரு ஓட்டை போடுவார்கள், அதன் வழியாக மூச்சு விட வேண்டும். பேச்சு இருக்காது, உயிர் இருக்கும். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். நெசவு என்றான் யேசுதாஸ். அப்படியானால் வேலைக்கு ஒன்றும் தடையில்லை, கொஞ்ச நாளில் உட்காரலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்சவேணி முடியாது என்றுவிட்டாள். இருபது நாளாக அதே பேச்சு. அதுவும் கரகரத்த, பாதி காற்றாகப் போய்விட்ட குரலில்.

"ஊமையா குந்திக்கினு இன்னா பண்றது? இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறேன், வுடு."

"ஏஞ்சலுக்கு இன்னும் படிப்பு முடியல," என்று மகளைச் சொன்னான் யேசுதாஸ்.

"அவ ஏனாத்தூர் காலேஜுக்கு பஸ்ல போயிக்கினு வந்துக்கினு இருக்கறா. என் குரல் வெச்சா பஸ் ஓடுது?"

அன்று அவன் நெய்துகொண்டே இருந்தான். நாடா போய் வந்தது. மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு, அச்சைப் பிடித்தபடியே, அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"குழலு இருக்குதே."

"இன்னா?"

"குரலத்தானே எடுக்கறாங்க? குழலு ஊத குரலு எதுக்கு? மூச்சு போதும் இல்ல? கரை அறுந்துட்டா உடலு நிக்காதா? அது வேற பாவு, இது வேற பாவு."

அம்சவேணி கரை நாடாவைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். வீசவில்லை. அவன் காத்திருந்தான்.

"மூச்சுதான் கழுத்துல போவும்ங்கறாங்களே," என்றாள்.

"போவட்டும்."

"அந்த ஓட்டைய மூடிக்கினா காத்து வாயாண்ட வந்துடும் இல்ல?" கேட்டுவிட்டு அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். "குழல்ல அப்டித்தானே. ஒண்ண மூடினா அடுத்ததுல வருது. பஞ்சு வெச்சு அடைச்சுக்கினு வாசிக்கலாம்."

"அதான் சொல்றேன்."

"நீ எங்க சொன்ன, நான் சொன்னேன்." நாடாவை வீசினாள். ஒரு சாண் நெய்த பிறகு சொன்னாள்: "அப்டின்னா எனக்கு வேற குழலு வேணும். இப்ப இருக்கறது ஏஞ்சலுக்கு வாங்கினது. அது ஸ்கூல் பொண்ணு மாதிரி கீச்சுன்னு பேசும். என் குரலு எந்தச் சுருதியோ அந்தச் சுருதியில வேணும். வாங்கிக் குடு, வரேன்."

அதைவிடச் சின்னதாக ஒரு நிபந்தனையை அவன் கேட்டதில்லை. சரி என்றான்.

ஏஞ்சல் பத்தாவது படிக்கும்போது குழல் கிளாசில் சேர்ந்தவள். நாலு மாதத்தில் போதும் என்றுவிட்டாள். அதை டீச்சரிடம் சொல்லிவிட்டு வரப்போன அம்சவேணி, சொல்லாமல், மகள் உட்கார்ந்த பாயில் தான் உட்கார்ந்துவிட்டு வந்தாள். முப்பத்தெட்டு வயதில். சுகாசினி மிஸ்ஸுக்கு வயது இருபத்தாறு. மற்றப் பிள்ளைகள் எல்லாம் அரை டிரவுசரும் ரெட்டைப் பின்னலும். 'வேணி ஆன்ட்டி எச்சி தெறிக்குது மிஸ்' என்று முதல் மாதம் புகார் வந்தது. இரண்டாம் மாதம் அவள்தான் எல்லோரையும்விட நீளமாக மூச்சு நிறுத்தினாள். தறிப்பலகையில் உட்கார்ந்து பாடிய மூச்சு. மூன்றாம் வருஷம் லோயர் கிரேடு பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தாள். தை மாதம் பரீட்சை.

புதுக் குழலைப் பற்றிக் கேட்கப் போனபோது சுகாசினி மிஸ் தலையை ஆட்டினாள்.

"நம்ம கிளாஸ்ல எல்லாரும் அஞ்சு கட்டை சுருதிதான், அக்கா. பரீட்சைக்கும் அதான். நீங்க மட்டும் வேற சுருதியில வாங்கினா யார்கூடவும் சேர்ந்து வாசிக்க முடியாதே."

"சேந்து வாசிக்க இல்ல மிஸ். தனியா பேசறதுக்கு."

"என்னக்கா சொல்றீங்க?"

"தொண்டையில சின்ன ஆபரேஷன். ஒரு மாசம் வரமாட்டேன். பரீட்சைக்கு வந்துடுவேன்." அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. சிறுமிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒலிமுகமதுபேட்டையில் அப்துல் சத்தாரின் வீடு. முன் அறையில் மூங்கில்கள் கட்டுக்கட்டாக, வெயில் படாமல், சுவரோரம் சாய்ந்திருந்தன. சத்தாருக்கு ஐம்பது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துக்கொண்டு, "வாம்மா, உக்காரு. எத்தினி கட்டை?" என்றார்.

"தெரியல பாய். என் குரலு எத்தினியோ அத்தினி."

"பாடு, பாத்துக்கலாம்."

அவள் வாயைத் திறந்தாள். சாக்கு கிழிவது போல ஒரு சத்தம் வந்தது. இரும ஆரம்பித்தாள். யேசுதாஸ் அவசரமாக செல்போனை எடுத்தான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ் வாரத்தில் ஏஞ்சல் விளையாட்டாகப் பதிந்து வைத்தது. அடுப்படியில் அம்சவேணி சங்கரா மீன் செதில் உரசிக்கொண்டே பாடுகிறாள். நடுவில் குக்கர் விசில் அடிக்கிறது. 'அடுப்பச் சின்னதாக்குடி' என்று பாட்டுக்குள்ளேயே ஒரு அதட்டல். பிறகு விட்ட இடத்திலிருந்து அதே பாட்டு.

சத்தார் சிரித்துவிட்டார். தன் போனில் சுருதி காட்டும் ஆப்பைத் திறந்து பக்கத்தில் வைத்தார். முள் அசைந்து அசைந்து ஒரு இடத்தில் நின்றது. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் அங்கேயே நின்றது.

"நாலு கட்டைக்குக் கொஞ்சம் கீழ நிக்குது. சுருதிப் பெட்டி இல்லாம பாடி வந்த குரலு. ஆனா பாரு, குக்கர் விசிலுக்கு அப்பறமும் மாறல. அங்கயேதான் நிக்குது."

நாலு கட்டையில் தயாராக இருந்த குழல்களை எடுத்துப் பாயில் பரப்பினார். பதினொன்று. அம்சவேணி ஒவ்வொன்றையும் முதலில் கண் மட்டத்துக்குத் தூக்கி, நூல் பார்ப்பது போல நேர் பார்த்தாள். துளையின் ஓரத்தை விரல்நுனியால் சுற்றித் தடவினாள். பிசிறு இருந்தால் ஊதாமலேயே தள்ளி வைத்தாள். பிறகு இடது கையின் இரண்டு துளைகளை மூடி ச பிடித்தாள். பாட்டுக்குத்தான் தொண்டை வேண்டும். ஊதுவதற்கு அவளிடம் இன்னும் எல்லாம் இருந்தது.

"இது மூக்கால பேசுது."

"சரி, வெய்யி."

"இது நல்லா இருக்குது. ஆனா கீழ போனா காத்துதான் வருது."

"மூங்கிலு தடிப்பு. வெய்யி."

"இது என்னவிட சந்தோஷமா இருக்குது பாய்."

சத்தார் தொடையில் தட்டிச் சிரித்தார். "அதுக்கு நான் இன்னா பண்றது? அழுமூஞ்சிக் குழலு செய்யத் தெரியாதே எனக்கு." யேசுதாசைப் பார்த்து, "உன்ன எப்டிப்பா பொறுக்குச்சு இந்தம்மா? எத்தினி பேரத் தள்ளுச்சு?" என்றார்.

"எங்க அம்மா தள்ளி வுட்டது பாய் இது," என்றாள் அம்சவேணி. "நான் ஊதிப் பாக்காம வாங்கிட்டேன்."

பதினொன்றும் தள்ளிப் போயிற்று. சத்தார் எழுந்து உள்ளே போய், துணியில் சுற்றிய ஒரு மூங்கிலைக் கொண்டுவந்தார். மூன்று வருஷம் நிழலில் காய்ந்தது. மெல்லிசு. விரலால் சுண்டினால் ஓட்டுத்துண்டு போலக் கிண்ணென்றது. அவள் கையை அதன் மேல் வைக்கச் சொல்லி, ஒவ்வொரு விரலடியிலும் பென்சிலால் குறித்தார். வலது கைச் சுண்டுவிரல் எட்டவில்லை. கரை நாடா பிடித்துப் பிடித்து அது உள்ளே வளைந்திருந்தது. அந்தத் துளையை மட்டும் கொஞ்சம் பக்கவாட்டில் இறக்கிக் குறித்தார்.

"ஒண்ணு சொல்லிடறேன். இந்தச் சுருதியில எந்தக் கச்சேரியிலயும் சேராது. உன் கைக்குத் தவிர வேற கைக்கும் உக்காராது. வேணாம்னு நாளைக்கு வித்தா ஒருத்தரும் வாங்கமாட்டாங்க."

"எனக்கு மட்டும் போதும் பாய். தொண்டைய எடுக்கறாங்க. கழுத்துல ஓட்டை போட்டு வுட்டுடுவாங்களாம். அப்பறம் இதான் என் தொண்டை."

சத்தாரின் பென்சில் நின்றது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு அவள் கழுத்தைப் பார்த்தார், பிறகு யேசுதாசைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல இருந்தது. மூங்கிலைத் துணியில் சுற்றினார்.

"வியாழக்கிழமை ஆயிடும். எண்ணெய் ஊற வெக்கணும். நீ மழையில நனையாதம்மா. நீ வந்து வாங்கிக்கப்பா. நீ மட்டும் வா."

வியாழக்கிழமையும் மழைதான். குழல் தயாராக இருந்தது. சத்தார் அதைக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். உள்ளிருந்து டீ வந்தது. யேசுதாஸ் ஊதி ஊதிக் குடித்தான். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க மாமுவுக்கு இதே ஆபரேஷன்தான் பா," என்றார். "ஆறு வருஷம் இருந்தாரு, நல்லாதான் இருந்தாரு. ஆனா டீய ஊதி ஆத்த முடியாது அவருக்கு. சாசர்ல ஊத்தி வெச்சுட்டு ஆறட்டும்னு பாத்துக்கினே இருப்பாரு."

"ஏன் பாய்?"

"வாயில காத்து வராது. மூக்குலயும் வராது. பிரியாணி வாசனை கூட தெரியாது."

"ஓட்டைய மூடிக்கினா?"

"மூடினா மூச்சே நின்னுடும். மேல போற வழிய உள்ளயே தெச்சு அடைச்சுடறாங்க பா. வாயி சோறு தின்ன மட்டும்தான். மூச்சுக்கு இருக்கறது இது ஒண்ணுதான்." சத்தார் தன் கழுத்துக்குழியைத் தொட்டுக் காட்டினார்.

தெருவில் ஒரு ஆட்டோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. யேசுதாஸ் கையில் டீ ஆறி ஆடை கட்டியது.

"அன்னிக்கே சொல்லி இருப்பேன். அந்தம்மா மூஞ்சியப் பாத்துக்கினு வாய் வரல. நீ சொல்லிடு."

"சொன்னா வரமாட்டா பாய்."

"சொல்லலன்னா?"

யேசுதாஸ் டீயைக் கீழே வைத்தான். கரை வேறு, உடல் வேறு என்று தான் சொன்னது ஞாபகம் வந்தது. அதைச் சொன்னபோது எவ்வளவு நிச்சயமாக இருந்தான்.

"அப்ப நான் இதக் குடுக்கறதா, வேணாவா?" என்றார் சத்தார்.

அவன் இரண்டு கையையும் நீட்டினான்.

ஆபரேஷனுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் அவள் வாசித்தாள். காலையில் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, மத்தியானம் தறியிலிருந்து எழுந்து கை கழுவியதும், சாயங்காலம் ஏஞ்சல் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் நேரத்துக்கு. ஏஞ்சல் முதல் நாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அப்பா, அம்மா பாடற மாதிரியே கீதுப்பா," என்றாள். அவன் பாவில் அறுந்த இழையைத் தேடுவது போலக் குனிந்துகொண்டான்.

அவளுக்கு சரளி வரிசையில் முதல் வரிசைதான் பிடிக்கும். ச ரி க ம ப த நி ச என்று மேலே ஏறி, அதே படியில் கீழே இறங்குவது. பரீட்சைக்குக் கீதமெல்லாம் இருந்தது. ஆனால் உட்கார்ந்ததும் முதலில் இதைத்தான் ஒரே மூச்சில் ஏறி, ஒரே மூச்சில் இறங்குவாள். குழலைக் கழுவ மாட்டாள், எண்ணெய்த் துணியால் துடைப்பாள். ரவிக்கைத் துண்டில் அதற்கு ஒரு உறை தைத்தாள். கழுத்தில் அடைக்கப் பஞ்சையும் உருட்டிப் பார்த்துக்கொண்டாள். 'இம்மாம் போதுமா, இன்னும் பெருசா வேணுமா?' என்று அவனிடம் காட்டினாள். போதும் என்றான்.

ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்றுதான் தறியில் உட்காருவான். பத்தொன்பது வருஷமாக வாய் திறக்காமலே வேலை நடந்த இடம் அது. அங்கே எப்படி ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கும்போது டாக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார். "ஏதாவது சந்தேகம் இருந்தா இப்பவே கேளுங்கம்மா. தப்பில்ல."

அம்சவேணி மடியில் இருந்த பையில் கையை விட்டாள். உறையின் நுனி வெளியே தெரிந்தது. "சார்... எனக்கு ஒண்ணு..." என்றாள். குரல் அடைத்துக்கொண்டது. இருமினாள். டாக்டர் பொறுமையாகக் காத்திருந்தார். மறுபடி வாயைத் திறந்தாள், காற்று மட்டும் வந்தது. யேசுதாசைத் திரும்பிப் பார்த்தாள். நீ கேளு என்ற பார்வை. குழலைப் பையிலிருந்து பாதி வெளியே எடுத்தும்விட்டாள்.

"எப்ப வூட்டுக்குப் போலாம்னு கேக்கறா சார்," என்றான் யேசுதாஸ்.

டாக்டர் சிரித்துவிட்டு, பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்றார். அம்சவேணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறந்துவிட்டான் போல என்று நினைத்தாளோ என்னவோ, குழலை மறுபடி பைக்குள் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தாள். அம்சவேணி யே. என்று முழுசாக எழுதினாள்.

கார்த்திகை பிறந்து அவள் வீட்டுக்கு வந்தாள். கழுத்துக்குழியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. அதன் மேல் மெல்லிய பருத்தித் துணி. மூக்கில் போட்ட குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணீர். குழாய் எடுத்த அன்று ஏஞ்சல் ரசம் சாதம் கரைத்துக் கொடுத்தாள். பக்கத்து வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்துத் தெருவே மணத்தது. ஏஞ்சல் மூக்கை உறிஞ்சிக் காட்டிச் சிரித்தாள். அம்சவேணிக்கு ஏன் என்று விளங்கவில்லை. பேச வேண்டியதை ஏஞ்சலின் பழைய பரீட்சை அட்டையில் காகிதம் செருகி எழுதினாள். 'நல்லா ஆறட்டும். தையல் இழுக்குது. அப்பறம் ஊதறேன்.'

மூன்று வாரம் அப்படிப் போயிற்று. யேசுதாஸ் தினமும் அந்த உறை இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் குழியில் இறங்குவான்.

ஒரு மத்தியானம், ஏஞ்சல் காலேஜில் இருந்தாள். அவன் தறியில் அறுந்த கரை இழைகளை முடிந்துகொண்டிருந்தான். அறையில் உறையின் கயிறு அவிழும் சத்தம் கேட்டது. அவன் விரல் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கழுத்திலிருந்து புஸ்ஸென்று காற்று சீறும் சத்தம். மறுபடி ஒன்றுமில்லை. அவன் எழுந்திருக்கவில்லை. ஒரு முடிச்சைப் போட்டான். இன்னொன்றைப் போட்டான். அப்புறம் கால் தரையில் உதைபடும் ஓசை கேட்டது.

குழியிலிருந்து தாவி ஓடினான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பஞ்சு உருண்டையைக் கட்டை விரலால் கழுத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குழல் வாயில் இருக்க, கண் பிதுங்கி முகம் கறுத்து, அவள் ஊத முயன்றுகொண்டிருந்தாள். அவன் அவள் கையை விலக்கிப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தான்.

"மூடாத வேணி! மூடினாலும் வாயில வராது! வழிய அடைச்சுட்டாங்க, மேல போறதுக்கு வழியே இல்ல! செத்துடுவ!"

ஓட்டை சத்தமாக மூச்சை இழுத்தது. இழுத்து இழுத்து அடங்கியது. சளியை அவன் துணியால் துடைத்தான். அவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். அவன் முகத்தை, முதல்முறை பார்ப்பவள் போல வெகுநேரம் பார்த்தாள். பிறகு அட்டையை இழுத்து எழுதினாள்.

'உனுக்கு எப்போ தெரியும்?'

"பாய் சொன்னாரு. குழலு வாங்கின அன்னிக்கு."

அவள் இன்னும் ஏதோ எழுத ஆரம்பித்தாள். பென்சிலை வைத்துவிட்டாள். குழலைத் துடைத்து, உறையில் போட்டு, கயிற்றைக் கட்டினாள். அவசரமில்லாமல், எப்போதும் கட்டுவது போலத்தான் கட்டினாள்.

மறுநாளிலிருந்து தறிப்பலகை காலியாக இருந்தது. அவள் சமைத்தாள், துவைத்தாள், ஏஞ்சலுக்குத் தலை பின்னினாள். தறி இருந்த அறைக்கு வரவில்லை. அட்டையில் அவனுக்கு எதுவும் எழுதவில்லை. கரைக்கு ஆள் வேண்டுமே என்று அவன் எதிர்வீட்டு கங்கையம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டான். கங்கையம்மாளுக்குக் கை வேகம், வாய் அதைவிட வேகம்.

"ஏன்பா யேசு, ஆபரேஷன் அவளுக்கா உனுக்கா? நீயும் பேசமாட்டேங்கற."

"நூலப் பாரும்மா."

"பாத்துக்கினுதான் கீறேன். நீ அடிக்கறதுதான் முந்திப் போவுது. நான் வீசறதுக்குள்ள அடிச்சா எப்டி கோத்துக்கும்? பாரு, பல்லு பல்லா நிக்குது." குரலைத் தாழ்த்தினாள். "பொண்டாட்டி உசிரோட வந்துட்டா இல்ல? மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி கொளுத்திட்டு சந்தோஷமா இருப்பியா!"

நெய்ய நெய்யக் கரையும் உடலும் சேரும் இடம் கோணிக்கொண்டே போயிற்று. அவனுக்கே தெரிந்தது.

ஏஞ்சல் ஒருநாள் வாசற்படியில் வைத்துக் கேட்டாள். "நீ என்னாண்டயாவது சொல்லி இருக்கலாம் இல்லப்பா?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப?"

ஏஞ்சல் யோசித்தாள். யோசித்துக்கொண்டே அழுதாள். "சொல்லியிருக்க மாட்டேன்," என்றாள். "நானும் சொல்லியிருக்க மாட்டேன். அதான் கோவமா வருது."

மார்கழிக் கடைசியில் சுகாசினி மிஸ் ஹால் டிக்கெட்டோடு வந்தாள். அம்சவேணியின் கழுத்துத் துணியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. காகிதத்தைக் கைப்பையிலிருந்து எடுக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். அம்சவேணி அதை அவளாகவே கையை நீட்டி வாங்கி, தன் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பைபிளுக்குள் வைத்தாள். ஏஞ்சலின் பழைய குழலைக் கொண்டுவந்து மிஸ் மடியில் வைத்தாள். 'புதுசா வர்ற புள்ளைக்குக் குடுங்க,' என்று எழுதினாள். சுகாசினி மிஸ் டீ கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

தையில், பரீட்சை அன்று காலை நல்ல வெயில். தறிக்குழி காய்ந்து, கோணிச் சாக்கை எடுத்து வெளியே போட்டிருந்தான். கங்கையம்மாள் பேத்திக்குக் காது குத்து என்று வாலாஜாபாத் போயிருந்தாள். யேசுதாஸ் தனியாகக் குழியில் இறங்கி, செய்ய ஒன்றுமில்லாமல், ஜரிகை சுற்றிய குச்சியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அம்சவேணி வந்தாள். குளித்துத் தலை வாரி, கிளாசுக்குப் போகும்போது கட்டும் நீலப் புடவை கட்டியிருந்தாள். வந்து, தன் பலகையில், தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவன் நாடாவை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான். அவள் அதை ஒதுக்கி வைத்துவிட்டு உறையை அவிழ்த்தாள்.

குழலைக் குறுக்கே நீட்டி அதன் வாயை அவன் உதட்டில் வைத்தாள். மீதிக் குழல் அவள் பக்கம் இருந்தது. துளைகளின் மேல் அவள் விரல்கள் ஏழும் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. வளைந்த சுண்டுவிரல், பக்கவாட்டில் இறக்கிய அந்தத் துளையில் சரியாகப் போய்ப் பொருந்தியது.

"எனக்குத் தெரியாதே வேணி," என்றான். உதடு மூங்கிலில் பட்டது. எண்ணெய் மணம் அடித்தது.

அவள் முழங்கையால் அவன் விலாவில் இடித்தாள். நாடா வீசும் முன் அச்சை அடித்துவிட்டால் இடிப்பாளே, அதே இடி.

அவன் ஊதினான். சத்தம் வரவில்லை. காய்ந்த மூங்கிலுக்குள் காற்று உரசிப் போவது மட்டும் கேட்டது. மறுபடி ஊதினான், மறுபடியும் காற்றுதான். அவள் அதைப் பற்றி ஒன்றும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. விரல்கள் அசைய ஆரம்பித்திருந்தன. ச-விலிருந்து எழுந்து ரி-க்குப் போய், க, ம என்று தட்டித் தட்டி அல்ல, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு, அந்த ஒன்பது நாளும் வாசித்தது போலவே.

அவன் வலது காதுக்குக் கீழே ஏதோ சூடாகப் பட்டது. ஈரமான காற்று. குழிக்குள் அவன் தலையும் பலகையில் அவள் கழுத்தும் ஒரே உயரத்தில் இருந்தன. அவள் கழுத்துத் துணியைத் தூக்கிக்கொண்டு அது வந்தது. முதலில் வெறும் மூச்சு என்றுதான் நினைத்தான். அது ஒரே சீராக, ஒடுங்கி, நூல் போல நீண்டு வந்துகொண்டிருந்தது.

ப வந்தபோது அவனுக்கு மூச்சு முட்டிவிட்டது. உதட்டை எடுத்தான். குழலுக்குள் உரசிய காற்றும் நின்றது. மேலே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

அவள் விரல்கள் நிற்கவில்லை. த-வுக்கு ஒன்று எழுந்தது, நி-க்கு ஒன்று. அவன் கழுத்தில் படும் அந்தச் சூடும் நிற்கவில்லை. அதே அளவில், அசையாமல், மேல் ச வரைக்கும் வந்து, அங்கே நின்றது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். பிறகு இறங்க ஆரம்பித்தாள்.